இல்லாத கப்பலைக் காட்டியவர்: வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன்

(பெங்களூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்த சிலர், "பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு கடற்படையைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்டதாக அமைப்பாளர் சொன்னார். நியாயமான கேள்விதான். இந்த ஊருக்குத் தரைப்படையைத் தெரியும். அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் முகாமைத் தாண்டாமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. ஜாலஹள்ளியும் எலகங்காவும் இருப்பதால் விமானப்படையையும் தெரியும். கடற்படைதான் கண்ணில் படாது. ஆனால் அதன் கப்பல்களில் சுழலும் ராடார்களில் பல இங்கே பாரத் எலக்ட்ரானிக்ஸில் (பி.இ.எல்.) பிறந்தவை. அதைச் செய்த கைகள் இந்த அரங்கிலேயே சில இருக்கும். இன்னொன்றும் உண்டு. இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதிகளாக அடுத்தடுத்து இருந்த இரண்டு பேர், அட்மிரல் ரோனி பெரேராவும் அட்மிரல் ஆஸ்கர் ஸ்டான்லி டாசனும், ஓய்வுக்காலத்துக்குத் தேர்ந்தெடுத்த ஊர் இதுதான். பெரேரா 1993இலும் டாசன் 2011இலும் இங்கேயே காலமானார்கள். வாழ்நாளெல்லாம் கடலில் இருந்தவர்கள் கடலே இல்லாத ஊரைத் தேடி வந்தது ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. தட்பவெப்பம்தான் காரணமாக இருக்கும்.

டாசனின் பெயரை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1971 போரின்போது அவர் டெல்லித் தலைமையகத்தில் கடற்படை நடவடிக்கைகளின் இயக்குநர். மேற்கே கராச்சி, கிழக்கே வங்காள விரிகுடா என இரண்டு பக்கத்துச் செய்திகளும் அவருடைய மேசைக்குத்தான் வந்தன. கிழக்குப் பக்கச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தவர் நாகர்கோவில்காரர். இன்றைய பேச்சு அவரைப் பற்றியது.

நீலகண்ட கிருஷ்ணன் 1919 ஜூன் 8ஆம் தேதி, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நாகர்கோவிலில் பிறந்தார். கடற்படைத் தலைமைத் தளபதியாக 1998 முதல் 2001 வரை இருந்த அட்மிரல் சுஷில் குமார் பிறந்ததும் அதே ஊரில்தான். முட்டம், குளச்சல் மீனவர்களுக்குக் கடல் பரம்பரைச் சொத்து. நாகர்கோவில் நகரத்து வீடுகளுக்கு அப்படியில்லை. படித்த பிள்ளை என்ஜினீயராகவோ வக்கீலாகவோ ஆவதுதான் வழக்கம். 1930களின் இறுதியில் ஒரு பையன் ராயல் இந்தியக் கடற்படைக்குப் போகிறேன் என்று கிளம்புவது அந்தத் தெருக்களில் செய்தியாகத்தான் இருந்திருக்கும்.

அவர் பெயருக்குப் பின்னால் மூன்று விருதுகள் உண்டு: டி.எஸ்.சி. எனப்படும் பிரிட்டிஷ் வீர விருது, பரம் விசிஷ்ட சேவா பதக்கம், பத்மபூஷண். முதலாவது 22 வயதில் கிடைத்தது. பத்மபூஷண் ஐம்பதைத் தாண்டிய பிறகு. முதலாவது, குண்டு பாயும் இடத்தில் நின்றதற்காக. பின்னது வந்த காலத்தில் அவர் குண்டு பாயும் இடத்திலேயே இல்லை, விசாகப்பட்டினத்தில் ஒரு அறையில் இருந்தார். ஆனாலும் அவர் செய்த பெரிய காரியம் அந்த அறையில்தான் நடந்தது என்பது என் கட்சி. கடற்படை வீரம் என்றதும் எரியும் கப்பலின் மேல்தளம்தான் நம் கண்முன் வருகிறது. அதற்குச் சாட்சிகள் உண்டு, பதக்கப் பரிந்துரை எழுத ஆள் உண்டு. எதிரி எதை நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் தளபதியின் துணிவுக்குச் சாட்சி யார்?

இளமைக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1941 ஆகஸ்டில் பிரிட்டனும் சோவியத் யூனியனும் ஈரானுக்குள் நுழைந்தன. பாரசீக வளைகுடாவில் ஈரானியக் கப்பல்களைக் கைப்பற்றும் வேலையில் இந்தியக் கடற்படையும் பங்கெடுத்தது. இளம் அதிகாரியாக அந்த நடவடிக்கையில் காட்டிய துணிவுக்காகத்தான் டி.எஸ்.சி. இந்தியர்களில் அதைப் பெற்றவர்கள் மிகக் குறைவு.

இருபது ஆண்டுகள் கழித்து, 1961 டிசம்பரில் கோவா விடுதலையின்போது, 'டெல்லி' என்ற குரூசர் கப்பலின் கேப்டனாக டையூவுக்கு வெளியே நின்றார். கோட்டையை நோக்கி அந்தக் கப்பலின் ஆறு அங்குலப் பீரங்கிகள் முழங்கின. அந்த 'டெல்லி'யின் பூர்வீகம் சுவையானது. நியூசிலாந்து மாலுமிகளின் கையில் 'அக்கிலீஸ்' என்ற பெயரில் இருந்து, 1939இல் ஜெர்மானியரின் 'கிராஃப் ஷ்பே' போர்க்கப்பலைத் துரத்திய கப்பல்களில் ஒன்று அது. அந்தச் சண்டையைப் பற்றி 1950களில் ஆங்கிலப் படம் எடுத்தபோது, இந்தியக் கடற்படை கப்பலை இரவல் கொடுத்தது. 'அக்கிலீஸ்' வேடத்தில் 'அக்கிலீஸே' நடித்தது!

'டெல்லி'க்குப் பிறகு 'விக்ராந்த்' அவர் பொறுப்புக்கு வந்தது. அதன் கேப்டன்களின் வரிசையில் அவர் இரண்டாமவர். பிரிட்டன் பாதியில் விட்டிருந்த கப்பலை 1957இல் வாங்கி, முடித்து, 1961 மார்ச்சில் பெல்ஃபாஸ்டில் இந்தியக் கொடி ஏற்றினோம். ஒரு விமானந்தாங்கிக் கப்பலால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை அதன் கேப்டனாக இருந்தவருக்கு ஏட்டைப் புரட்டிச் சொல்லவேண்டியதில்லை. 1971இல் இந்த அனுபவம் பயன்பட்டது.

நடுவே 1965 வந்தது. அந்தப் போர் கடற்படைக்கு ஒரு மனக்குறையையே விட்டுச் சென்றது. 'விக்ராந்த்' பம்பாயில் பழுதுபார்க்கக் கட்டிப்போடப்பட்டிருந்தது, பாகிஸ்தான் தரப்போ அதை மூழ்கடித்துவிட்டதாகவே அறிவித்தது. துவாரகை மீது பாகிஸ்தான் கப்பல்கள் குண்டு வீசிவிட்டுத் திரும்பின. நம் கப்பல்களுக்கு அரசு இட்ட கட்டுப்பாடுகள் தளரவில்லை. 1971இல் கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் எஸ்.எம். நந்தாவும் அவருக்குக் கீழிருந்த தளபதிகளும் காட்டிய வேகத்துக்கு இந்த ஆறு ஆண்டுக் குமுறல்தான் எரிபொருள்.

1971 மார்ச்சில் கிருஷ்ணன் விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைத் தலைமையை ஏற்றார். டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் வேட்டையைத் தொடங்கியது அதே மாதம் 25ஆம் தேதி. கிழக்குத் தலைமை அப்போது மேற்கின் தம்பி மாதிரிதான். கிழக்குக் கப்பல்படை என்று தனியாக ஒன்று, ரியர் அட்மிரல் எஸ்.எச். சர்மாவின் கீழ், நவம்பர் 1ஆம் தேதிதான் அமைக்கப்பட்டது. போருக்கு ஒரு மாதம்தான் மிச்சம்.

அதன் மையக் கப்பல் 'விக்ராந்த்'. அந்த 'விக்ராந்த்' நொண்டிக்கொண்டிருந்தது.

அதன் நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். அதை மாற்றும் வசதி அப்போது நம் நாட்டில் கிடையாது. மூன்று பாய்லரில் ஓடினால் என்ன என்று கேட்கலாம். விமானந்தாங்கிக்கு வேகம் என்பது சேருமிடம் போய்ச் சேருவதற்காக மட்டுமல்ல. விமானம் தளத்தை விட்டு எழ, எதிர்க்காற்று வேண்டும். கப்பல் காற்றை எதிர்த்து ஓடும் வேகமும் காற்றின் வேகமும் கூடித்தான் அந்தத் தேவை நிறையும். போதாக்குறைக்கு, விமானத்தை உந்தித் தள்ளும் கேட்டபுல்ட்டும் அதே நீராவியில்தான் இயங்கியது. 24 நாட் வேகத்துக்குக் கட்டிய கப்பலை 16 நாட் அளவில் ஓட்டவேண்டி வந்தது. காற்று ஒத்துழைக்காத நாளில் விமானங்கள் தளத்திலேயே கிடக்கும். பாய்லர் அறையில் வேலை செய்தவர்கள், விரிசல் விட்ட உலோகம் எப்போது பிளக்கும் என்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றார்கள். பதக்கங்களின் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்டோக்கர்களின் நினைவு வரும்.

இந்தக் கப்பலைப் போருக்கு அனுப்பலாமா கூடாதா என்பதில் கடற்படைக்குள் இரண்டு கருத்துகள் இருந்தன. அனுப்பத்தான் வேண்டும், அதுவும் கிழக்கே அனுப்ப வேண்டும் என்றவர்களில் கிருஷ்ணன் ஒருவர். கணக்கு சரியானதே. கிழக்கு பாகிஸ்தானில் எதிரியிடம் இருந்தது சேபர் விமானங்களின் ஒரே ஒரு ஸ்குவாட்ரன். வான்வழி ஆபத்து சொற்பம். மிச்சமிருந்தது கடலுக்கு அடியிலிருந்து வரும் ஆபத்து.

அதற்குப் பெயர் 'காஸி'. அமெரிக்காவில் 'டயாப்லோ' என்ற பெயரில் பிறந்து, 1960களில் குத்தகையாகப் பாகிஸ்தானுக்கு வந்த நீர்மூழ்கி. பாகிஸ்தானிடம் பிரான்ஸில் வாங்கிய புதிய நீர்மூழ்கிகளும் இருந்தன. ஆனால் கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி வங்காள விரிகுடாவுக்கு வந்து, வேட்டையாடித் திரும்பும் அளவுக்கு நீண்ட பயணத்துக்குத் தாக்குப்பிடிப்பது இந்தக் கிழட்டுக் கப்பல் ஒன்றுதான். நவம்பர் 14ஆம் தேதி அது கராச்சியை விட்டுப் புறப்பட்டது. இலக்கு 'விக்ராந்த்'.

அது வருகிறது என்பது எப்படித் தெரிந்தது? கிருஷ்ணனின் நூலில் ஒரு சின்ன விஷயம் வருகிறது. சிட்டகாங்கில் ஒரு குறிப்பிட்ட வகை மசகு எண்ணெய் கிடைக்குமா என்று கேட்கும் வானொலிச் செய்தி ஒன்றை நம்மவர்கள் ஒட்டுக்கேட்டார்கள். அந்த எண்ணெயைப் பயன்படுத்தும் கப்பல் வகைகள் மிகச் சில. எண்ணெய் கேட்டவன் தன் முகவரியைச் சொல்லிவிட்டான்.

இனி கிருஷ்ணன் செய்ததைக் கேளுங்கள். 'விக்ராந்த்'தையும் அதன் துணைக்கப்பல்களையும் அந்தமானில் ஆளரவமற்ற ஒரு விரிகுடாவுக்கு அனுப்பிவிட்டார். அதற்கு அவர் இட்ட ரகசியப் பெயர் 'போர்ட் எக்ஸ்-ரே'. பிறகு விசாகப்பட்டினத்தில் நாடகம் ஆரம்பமாயிற்று. கதாநாயகன் வேடம் 'ராஜ்புத்' என்ற பழைய நாசகாரிக் கப்பலுக்கு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு உழைத்து, 1949இல் நம்மிடம் வந்து, ஓய்வுபெறும் வயதை எட்டியிருந்த கப்பல் அது. அது துறைமுகத்துக்கு வெளியே போய், ஒரு விமானந்தாங்கி எவ்வளவு வானொலிச் செய்தி அனுப்புமோ அவ்வளவையும் அனுப்பிக் குவித்தது. கரையில், பெரிய கப்பலுக்குத் தேவையான அளவு இறைச்சிக்கும் காய்கறிக்கும் ஒப்பந்தக்காரர்களிடம் ஆர்டர் கொடுக்கப்பட்டது. துறைமுகச் சந்தைக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தது ஒற்றனுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. 'விக்ராந்த்' வரப்போகிறது, கரையோரம் இடம் வேண்டும் என்று சென்னைத் துறைமுகத்துக்கும் தகவல் போனது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தந்தி: 'விக்ராந்த்'தில் வேலை பார்க்கும் ஒரு மாலுமி, உடல்நிலை மோசமாக இருக்கும் தன் தாயாரின் நலம் விசாரித்து அனுப்பியது போல, ரகசியக் குறியீடு இல்லாமல், யார் வேண்டுமானாலும் கேட்கும்படி அனுப்பப்பட்டது.

இந்தத் தந்திதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மற்றவையெல்லாம் எந்தப் படைப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கும் உத்திகள். இதை யோசிக்க மனிதர்களைத் தெரிந்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டை மீறித் தந்தி அடிக்கும் மாலுமி எந்த நாட்டுக் கடற்படையிலும் இருப்பான், தாய்க்குச் சுகமில்லை என்றால் நிச்சயம் இருப்பான். ஒட்டுக்கேட்பவனும் அதைச் சந்தேகப்பட மாட்டான், அவனுக்கும் தாய் உண்டு.

டிசம்பர் 3ஆம் தேதி மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் மேற்கு விமானத் தளங்களைத் தாக்கின. அன்று நள்ளிரவையொட்டி, 'ராஜ்புத்' கேப்டன் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் துறைமுகத்தை விட்டு வெளியேறினார். வெளியே நீர்மூழ்கி காத்திருக்கக்கூடும் என்று கிருஷ்ணன் அவரை எச்சரித்து அனுப்பியிருந்தார். கடலில் சந்தேகப்படும்படி ஏதோ கண்ணில் பட, ஆழ்நீர் வெடிகுண்டுகள் வீசப்பட்டன. சற்று நேரத்தில் ஊரே அதிரும்படி ஒரு வெடிச்சத்தம். பிரதமர் இந்திரா காந்தியின் வானொலி உரைக்காக விழித்திருந்த விசாகப்பட்டினத்து மக்களின் வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. பிறகு மீனவர்கள் எண்ணெய்ப் படலத்தையும் மிதந்த பொருள்களையும் கண்டார்கள். முக்குளிப்பவர்கள் இறங்கி, அடியில் கிடப்பது 'காஸி' என்று உறுதி செய்தார்கள். அதிலிருந்த 93 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

நம் பத்திரிகைகள் வழக்கமாக இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடும். நான் வைக்கப்போவதில்லை.

'காஸி'யை 'ராஜ்புத்' மூழ்கடித்தது என்பது நம் அதிகாரபூர்வ நிலைப்பாடு. தான் விதைத்த கண்ணிவெடியிலேயே சிக்கியது, அல்லது உள்ளேயே வெடித்தது என்பது பாகிஸ்தானின் வாதம். மின்கலத்தை ஏற்றும்போது சேர்ந்த ஹைட்ரஜன் வாயு வெடித்திருக்கலாம் என்று நம் கடற்படை உயரதிகாரிகளிலேயே சிலர் கருதினார்கள். கிழக்கு ராணுவத் தலைமையகத்தில் இருந்த ஜெனரல் ஜேக்கப், 'சரண்டர் அட் டாக்கா' நூலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சிதைவுகளை மீனவர்கள் கண்டெடுத்த செய்தியை டிசம்பர் 3ஆம் தேதி காலையிலேயே கிருஷ்ணன் தன்னிடம் தொலைபேசியில் சொன்னார் என்கிறார். அது உண்மையானால், 'ராஜ்புத்' குண்டு வீசுமுன்பே 'காஸி' செத்துவிட்டது. கிருஷ்ணன் தன் நூல்களில் சொல்வது வேறு. இருவரும் இப்போது இல்லை. கிழக்கு ராணுவத் தலைமையகத்தின் 1971 ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று 2010இல் நாளிதழ்ச் செய்தியும் வந்தது.

யாரை நம்புவது? குண்டு யாருடையது என்ற கேள்வியில் நான் தீர்ப்புச் சொல்லத் தயாரில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், 'ராஜ்புத்'தின் பங்கு சந்தேகத்துக்குரியது என்றே சொல்வேன். ஆனால் அந்தச் சண்டையில் ஒரு விஷயம் தொலைந்துபோகிறது. விக்ராந்த் இல்லாத இடத்தில், அதைத் தேடி, விசாகப்பட்டினத்தின் வாசலில் 'காஸி' ஏன் கிடந்தது? கண்ணிவெடியோ ஹைட்ரஜனோ ஆழ்நீர்க் குண்டோ, எதுவாக இருந்தாலும் அது வெடித்த இடம் கிருஷ்ணன் தேர்ந்தெடுத்த இடம். அது அங்கே கிடந்த நேரத்தில் 'விக்ராந்த்' அந்தமானில் பத்திரமாக இருந்தது. டிசம்பர் 4ஆம் தேதி முற்பகலில் அதன் ஸீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜார் மீது பறந்தன. அடுத்தடுத்த நாள்களில் சிட்டகாங்கும் மற்றத் துறைமுகங்களும் முடங்கின. கடல் வழியாக உதவி வருவதும் ஓடித் தப்புவதும் நின்றன. மூன்று பாய்லர் கப்பலின் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும், ஸீ ஹாக் ஸ்குவாட்ரனை நடத்திய சந்தோஷ் குமார் குப்தாவுக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது.

புகழ்ந்து மட்டுமே போனால் இது சொற்பொழிவு ஆகாது, வாழ்த்துமடல் ஆகிவிடும். போரின் கடைசி நாள்களில், பாகிஸ்தான் படையினர் பர்மாவுக்குள் தப்பிவிடாமல் தடுக்க, காக்ஸ் பஜார் கடற்கரையில் கப்பலிலிருந்து கூர்க்கா வீரர்களை இறக்கும் முயற்சி நடந்தது. அவசரத்தில் தீட்டிய திட்டம். கரையோர மணல்திட்டைப் பற்றிய தகவல் போதவில்லை, வீரர்களுக்கு இந்த வகை இறக்கத்தில் பயிற்சியும் இல்லை. ஆழம் தெரியாமல் இறங்கியவர்களில் சிலர் மூழ்கி இறந்தார்கள். கரையில் எதிரியே இல்லை. ஒட்டுக்கேட்ட எண்ணெய்ச் செய்தியில் அத்தனை நுணுக்கம் காட்டிய தலைமை, ஒரு கடற்கரையின் ஆழத்தை விசாரிக்காமல் விட்டது. அதில் டெல்லியின் அவசரம் எவ்வளவு, விசாகப்பட்டினத்தின் பொறுப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். தளபதி என்பவர் தாய்த் தந்திக்குப் பாராட்டு வாங்கினால், மணல்திட்டுக்கு ஏச்சும் வாங்கத்தான் வேண்டும்.

டிசம்பர் 16ஆம் தேதி டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அந்தப் புகைப்படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். மேசையில் இந்தியத் தளபதி அரோராவும் நியாஸியும், பின்னால் நிற்கும் வரிசையில் இடது ஓரமாகக் கடற்படைச் சீருடையில் ஒருவர். பள்ளிப் பாடப்புத்தகங்களில் அந்தப் படத்துக்குக் கீழே பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் அச்சாகின்றன. இடது ஓரத்தில் நிற்பவர்தான் நாகர்கோவில் கிருஷ்ணன்.

போர்க்காலச் சேவைக்காக அரசு அவருக்குப் பத்மபூஷண் அளித்தது. 1980இல் வங்காள விரிகுடாப் போரைப் பற்றி 'நோ வே பட் சரண்டர்' என்ற நூலை வெளியிட்டார். 1982 ஜனவரி 30ஆம் தேதி, 62 வயதில் காலமானார். வாழ்க்கை நினைவுகளான 'எ செய்லர்ஸ் ஸ்டோரி' அவர் மறைவுக்கு வெகுகாலத்துக்குப் பின்பு வெளிவந்தது. சிரிக்கத் தெரிந்தவர் எழுதியது. தன்னைக் கொஞ்சம் அதிகமாகவே ரசிப்பவர் எழுதியது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். போர்த் தளபதிகளின் நினைவுநூல்களைப் படிப்பதற்கு ஒரு வழி உண்டு: அவர் தன்னைப் பற்றிச் சொல்வதை மற்றவர்களின் நூலோடு ஒத்துப் பாருங்கள். மற்றவர்களைப் பற்றி, குறிப்பாகத் தனக்குக் கீழே வேலை செய்தவர்களைப் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஓய்வுக்குப் பிறகு கிருஷ்ணன் என்ன செய்தார் என்பதைப் பலர் சொல்வதில்லை. கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் தலைவராக இருந்தார். அந்தத் தளம் அப்போது எழும்பிக்கொண்டிருந்தது. முதல் கப்பலான 'ராணி பத்மினி' வெளிவந்தது 1981இல். ஒரு பாய்லரை மாற்ற நாட்டில் இடமில்லாத கப்பலோடு போர் நடத்தியவர் கப்பல் கட்டும் வேலைக்குப் போனதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. பழைய 'விக்ராந்த்' 1997இல் ஓய்வுபெற்று, 2014இல் உடைக்கப்பட்டது. புதிய 'விக்ராந்த்' அதே கொச்சித் தளத்தில் கட்டப்பட்டு, 2022 செப்டம்பர் 2ஆம் தேதி கடற்படையில் சேர்ந்தது. 262 மீட்டர் நீளம், பழையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் எடை. 2023 பிப்ரவரி 6ஆம் தேதி அதன் தளத்தில் முதன்முதலில் இறங்கிய போர் விமானங்களில் ஒன்று தேஜஸின் கடற்படை வடிவம். அது இந்த ஊரில், நம் பழைய விமான நிலையச் சாலைப் பக்கம் உருவானது.

அந்த விமானத்தோடு வேலை செய்தவர்கள் இரண்டு மூன்று பேர் இன்று வந்திருப்பதாக அமைப்பாளர் சொன்னார். எதிர்க்காற்றைப் பற்றி நான் சொன்னதில் பிழை இருந்தால் அவர்கள் கேள்வி நேரத்தில் திருத்தட்டும்.